நாட்பட்ட நாரிநோவுக்கான வலி முகாமைத்துவத் திட்டம்: லண்டன் வைத்தியசாலையொன்றில் பெற்ற சிகிச்சை பற்றிய மதிப்பீடு

நாரிநோவோடு ஆண்டுக்கணக்கில் அல்லாடும் ஒருவரிடம், உளவியலாளர் பணியாற்றும் பிரிவொன்றுக்கு அனுப்பப்போவதாகக் குடும்ப வைத்தியர் சொன்னால், தன் வலியை யாரும் நம்பவில்லை என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். லண்டனில் வாழும் நம்மவர்களில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மசாஜுக்கும் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் திரும்பிப் போகிறார்கள். அப்படிப் போகவேண்டாம் என்று சொல்வதற்காகவே, தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலையொன்றில் நான் பங்குகொண்ட வலி முகாமைத்துவத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். என் நாரிவலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனாலும் இத்தனை காலத்தில் நான் பெற்ற சிகிச்சைகளுள் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், கீழ்முதுகுவலிக்கான வழிகாட்டலை 2016 இல் வெளியிட்டது. உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் ஒன்றாகச் சேர்த்து, முடிந்தால் குழுவாக வழங்கும் திட்டங்களை அது பரிந்துரைக்கிறது. இது முதுகு வலிக்கும் எல்லோருக்குமான சிகிச்சை அல்ல. முந்தைய சிகிச்சைகள் பலன் தராதவர்களுக்கும், அச்சமோ மனச்சோர்வோ குணமடைவதற்குத் தடையாக நிற்பவர்களுக்கும் உரியது. நம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் இடுப்புப் பட்டிகளையும், இழுவைச் சிகிச்சையையும், தோலின் வழியே மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் டென்ஸ் கருவியையும் வழங்கவேண்டாம் என்று அதே வழிகாட்டல் சொல்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் இவற்றுக்குத்தான் நாம் கைக்காசைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் சென்ற திட்டம் வாரத்துக்கு அரைநாள் வீதம் ஏறத்தாழ இரண்டு மாதம் நடந்தது. குழுவில் பத்துப்பேர் அளவில் இருந்தோம். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), உளவியலாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்றும் தொழில்வழிச் சிகிச்சையாளர், தாதி ஆகியோர் நடத்தினார்கள். மருந்துகளைப் பற்றிப் பேச வலி வைத்தியர் ஒருவர் வந்தார். இவர்கள் அத்தனை பேரையும் நான் முன்பும் தனித்தனியே சந்தித்திருக்கிறேன். ஒருவர் முள்ளந்தண்டுத் தட்டு விலகியிருக்கிறது என்பார், இன்னொருவர் தசை இறுகியிருக்கிறது என்பார், மூன்றாமவர் கவலையைக் குறைக்கச் சொல்வார். மூன்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். இங்கே அவர்கள் ஒரே அறையில், ஒரே விளக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார்கள். இந்தத் திட்டத்தின் பலம் முழுவதும் அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த விளக்கம் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தொடங்கியது. வலியே இல்லாதவர்களின் முதுகுப் படங்களை ஆராய்ந்து 2015 இல் வெளியான தொகுப்பொன்றின்படி, ஐம்பது வயதினரில் 80 சதவீதமானோருக்கு முள்ளந்தண்டுத் தட்டுகளில் தேய்வும் 60 சதவீதமானோருக்குத் தட்டுப் புடைப்பும் காணப்படுகின்றன. இயன்மருத்துவர் இந்த எண்களைப் பலகையில் எழுதியபோது குழுவில் சிலருக்குக் கோபமே வந்தது, ஏனென்றால் தங்கள் படத்தில் இருந்த தேய்வைத்தான் அவர்கள் இவ்வளவு நாளும் தங்கள் வலிக்குச் சாட்சியாக வைத்திருந்தார்கள். உளவியலாளர் அந்தக் கோபத்தை அவசரப்பட்டு அடக்கவில்லை. வலி உண்மையானது, அதில் எந்தக் கேள்வியும் இல்லை; ஆனால் மாதக்கணக்கில் நீடித்த வலியில் நரம்புத் தொகுதியின் உணர்திறன் கூடிவிடுவதால், நோகிறது என்பதற்காக அந்த இடத்தில் புதிதாகச் சேதம் நடக்கிறது என்று கொள்ளக்கூடாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

சொல்லிக் கேட்பதால் மட்டும் அச்சம் போய்விடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் கடையில் வேலை செய்பவன். தரையில் இருக்கும் பால் பெட்டியைத் தூக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். தொழில்வழிச் சிகிச்சையாளர் அதே மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியொன்றைக் கொண்டுவந்து, உள்ளே நான்கு பால் போத்தல்களை வைத்து, தூக்குவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதை எழுதச் சொன்னார். ‘தட்டு நழுவும், மூன்று நாள் எழும்ப முடியாது’ என்று எழுதினேன். தூக்கும்போது இயன்மருத்துவர் என் முதுகைப் பார்த்தார், உளவியலாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்கி, முதுகைப் பலகைபோல் விறைப்பாக வைத்திருப்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். மூச்சை விட்டுக்கொண்டு, முதுகை வளையவிட்டுத் தூக்கும்படி சொன்னார்கள். நொந்தது. ஆனால் நான் எழுதியது நடக்கவில்லை. அடுத்த வாரம் போத்தல்களின் எண்ணிக்கை கூடியது. யோகான் விளாயன், ஸ்டீவன் லின்டன் ஆகிய உளவியலாளர்கள் 2000 இல் எடுத்துரைத்த அச்சமும் தவிர்த்தலும் பற்றிய விளக்கத்தின் நடைமுறை வடிவம்தான் இது: வலியைப் பேராபத்தாக எண்ணுகிறவர் அசைவைத் தவிர்க்கிறார், தவிர்ப்பதால் உடல் வலுவிழக்கிறது, வலுவிழந்த உடல் இன்னும் எளிதில் நோகிறது. இந்த வட்டத்தை இயன்மருத்துவர் ஒருவராகவோ உளவியலாளர் ஒருவராகவோ உடைத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

அடுத்து மனதில் நின்றது வேலையை அளந்து செய்யும் பயிற்சி. உடம்பு கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் வீடு முழுவதையும் துப்புரவாக்கி, விருந்துக்குச் சமைத்து, கோயிலுக்கும் போய்வந்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் படுக்கையில் கிடப்பது நம் வீடுகளில் வழமை. அதற்கு மாறாக, ஒரு வேலையைச் சிரமமில்லாமல் எவ்வளவு நேரம் செய்யமுடிகிறது என்று சில தடவை அளந்து, சராசரியைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, வலி கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவிலேயே நின்று, சிறிது சிறிதாக உயர்த்தச் சொன்னார்கள். வலி சொல்லும்போது நிறுத்தாமல், திட்டமிட்ட அளவு முடிந்ததும் நிறுத்தும் இந்த முறை சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் வகுத்த நடத்தைச் சிகிச்சையிலிருந்து வளர்ந்தது. அவர் அதை 1976 இல் நூலாகவே எழுதினார். நன்றாக இருக்கும் நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

சுற்றி இருப்பவர்களின் பரிவு நோயாளியின் முடக்கத்தை எப்படி நீடிக்கச் செய்கிறது என்பதையும் ஃபோர்டைஸ் சுட்டிக்காட்டியிருக்கிறார். “அப்பா, நீங்கள் குனியாதேங்கோ, நான் எடுக்கிறன்” என்று மகள் ஓடிவருவதும், அரிசிப் பையைத் தொட்டவுடன் மனைவி பறித்துக்கொள்வதும் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு ஒவ்வொரு முறையும் என் முதுகு உடையக்கூடியது என்பதை எனக்கு நினைவூட்டியது. குடும்பத்தினரை அழைத்துவரச் சொன்ன ஓர் அமர்வில் இதை எவர் மனமும் நோகாமல் பேசினார்கள். அந்த அமர்வு ஒன்றே ஒன்றுதான், அதுவும் போதாது. கூட்டுக் குடும்பமாகவும் உறவினர் சூழவும் வாழும் எங்களுக்கு அது குறைந்தது மூன்று தடவையாவது நடந்திருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காத்திருக்கும் காலம் மிக நீண்டது. அச்சமும் தவிர்த்தலும் ஊறிப்போவதற்கு அந்தக் காலமே போதும். திட்டம் முடிந்தபின் ஒரே ஒரு தொடர் சந்திப்போடு விட்டுவிடுகிறார்கள், வலி மறுபடி கூடும் நாட்களுக்கு ஒரு தாள் மட்டுமே கையில் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை மொழி. குழு முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால், ஆங்கிலம் போதாதவர்களை மொழிபெயர்ப்பாளரோடு தனிச் சந்திப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பாடம் கிடைக்கிறது, குழு கிடைப்பதில்லை. தன்னைப்போலவே படுத்துக் கிடந்த ஒருவர் எழுந்து பெட்டி தூக்குவதைப் பார்ப்பதால் வரும் துணிவை எந்த மொழிபெயர்ப்பாளராலும் கொடுக்க முடியாது. லண்டனில் இத்தனை ஆயிரம் தமிழர் வாழும்போது, தமிழில் ஒரு குழுவை நடத்துவது எட்டாத காரியமல்ல. போரில் காயப்பட்டு, தடுப்பில் அடிபட்டு வந்தவர்களின் முதுகுவலியில் அந்த நினைவுகளும் கலந்திருக்கின்றன. அவர்களுக்கு உளக்காயத்துக்கான தனிச் சிகிச்சையும் இதனோடு சேர்ந்து கிடைக்கவேண்டும், இந்த இரண்டு மாதம் மட்டும் அதற்குப் போதாது.

எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஆய்வுகள் அடக்கமான பதிலையே தருகின்றன. இத்தகைய பல்துறைத் திட்டங்களைப் பற்றிய 41 ஆய்வுகளை, ஏறத்தாழ 6,900 பேரின் தரவுகளோடு ஒன்றுதிரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு செய்த மீளாய்வு 2014 இல் வெளியானது. வழமையான சிகிச்சையைவிட இவை வலியையும் இயலாமையையும் ஓரளவு அதிகமாகக் குறைக்கின்றன என்றும், உடல்சார்ந்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவற்றில் பங்குகொண்டவர்கள் வேலையில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றும் அது கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலும் உடற்பயிற்சி, நோய் பற்றிய கல்வி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதலானவற்றை ஆதரித்து, மோர்பின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளை வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. என் குழுவில் மாத்திரையைக் குறைத்தவர்களும் இருந்தார்கள், எதுவும் மாறவில்லை என்று இடையில் நின்றவர்களும் இருந்தார்கள். வலி பூச்சியத்துக்கு வரவேண்டும் என்ற ஒரே எதிர்பார்ப்போடு போனவர்களே பெரும்பாலும் இடையில் நின்றார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நாரிநோ நீடித்து, பரிசோதனைகளில் வேறு பாரதூரமான காரணம் இல்லையென்று உறுதியானவர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடம் இந்தத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கலாம், கட்டணம் இல்லை. கேட்கும்போதே, தேவையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், பிற்பாடு சொன்னால் திகதி தள்ளிப்போகிறது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழந்தாலும், இரு தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலும், கால்கள் திடீரென வலுவிழந்தாலும் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.