இடுப்பு வலி: ஆர்த்ரோஸ்கோபியா, மூட்டு மாற்றா?

தொடையிடுக்கில் வலி, எம்ஆர்ஐயில் லேப்ரம் (இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம்) கிழிசல். பிசியோவில் சரியாகாவிட்டால் அடுத்து இரண்டு வழி: துளையிட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி, அல்லது முழு மூட்டு மாற்று. சிறிய தழும்பு, சொந்த மூட்டு தங்கும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். குருத்தெலும்பு தேயாதவரை என் சாய்வு ஆர்த்ரோஸ்கோபி பக்கமே.

அந்தத் தேய்மானம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எக்ஸ்ரேயில் பந்துக்கும் (தொடையெலும்பின் உருண்டைத் தலை) கிண்ணத்துக்கும் நடுவே வெற்றிடம் போலத் தெரிவது உண்மையில் குருத்தெலும்பின் தடிமன். அது 2 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால், லேப்ரத்தை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் சில ஆண்டுகளில் மூட்டு மாற்றுக்கு வந்து நிற்பவர்கள் அதிகம். ஆர்த்ரோஸ்கோபி எலும்புப் புடைப்பு கிண்ண விளிம்பில் இடிக்கும் உரசலை நீக்கும், தேய்ந்ததை வளர்க்காது. கிண்ணத்தின் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்று இடத்திலும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ள 'கிழிசல்' என்ற வரியை மட்டும் நம்பிக் கத்தி வைக்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. சந்தேகம் என்றால் மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். வலி துளியும் குறையவில்லையா? மூட்டை விட்டுவிட்டு முதுகெலும்பையும் தசைநாண்களையும் பாருங்கள்.

பிரிட்டனில் 348 பேரிடம் நடந்து 2018இல் லான்செட்டில் வந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் ஆர்த்ரோஸ்கோபி செய்தவர்கள் பிசியோ மட்டும் பெற்றவர்களைவிட, இடுப்பு சார்ந்த வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் 100க்கு 6.8 புள்ளி முன்னே இருந்தார்கள். பலன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை.

மறு அறுவை வரை போவதற்கு முதல் காரணம், உரசலுக்குக் காரணமான தொடையெலும்புக் கழுத்தின் புடைப்பைப் போதிய அளவு செதுக்காமல் விடுவது. அதற்காக மிகையாகவும் செதுக்கக் கூடாது. கழுத்தின் 30 சதவீதத்தைத் தாண்டினால் எலும்பு முறியும் அபாயம். உள்ளே நுழைய வெட்டிய மூட்டுறையைத் தைத்து மூடுவது நல்லது, இல்லையென்றால் மூட்டு தளரலாம். எக்ஸ்ரேயில் அளக்கும் கோணத்தில், கிண்ணம் பந்தை 20 பாகைக்கும் குறைவாக மூடும் ஆழமற்ற இடுப்புக்கு ஆர்த்ரோஸ்கோபி மட்டும் போதாது. 20 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு ஒரே பதில் சொல்ல எனக்குத் தயக்கம். மூட்டைத் திறக்க அறுவையின்போது காலை இழுத்துப் பிடிக்கும் நேரம் 2 மணிக்குள் இருக்கட்டும். நீண்டால் பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போகும். ஊன்றுகோல் பொதுவாக 2 முதல் 3 வாரம், எலும்பில் நுண்துளை போட்டிருந்தால் 6 முதல் 8 வாரம்.

பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலான அந்த இடைவெளி போய்விட்டால், அதிலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, மூட்டு மாற்றே நேர்வழி. வலி நிவாரணம் அதில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும், 25 ஆண்டு தாங்குபவை சுமார் 58 சதவீதம். 35 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு இடிக்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் 3 மாத இடைவெளி விட்டே மாற்றுங்கள்; முந்தினால் கிருமித்தொற்று அபாயம் கூடும்.