மாத்திரை, பம்பு, ஊசி: விறைப்புக் குறைபாட்டுச் சிகிச்சையில் ஒரு சர்க்கரை நோயாளியின் நீண்டகால அனுபவம்

ஆணுறுப்பு விறைப்புக் குறைபாட்டுக்கான சிகிச்சைகளை ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை சொல்கின்றன: எது வலிமையானது, எது அதிக நேரம் நீடிப்பது. ஆண்டுக்கணக்கில் இவற்றைப் பயன்படுத்தி வருகிற எனக்கு மூன்றாவது கேள்வி ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தச் சிகிச்சை கணவன், மனைவி இருவரிடமும் எவ்வளவு முன்னேற்பாட்டைக் கேட்கிறது? எல்லாவற்றிலும் வலிமையான மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, அதைவிட வலிமை குறைந்த ஒன்றையே நாங்கள் அன்றாடம் நம்பியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உண்டு. ஆகவே இது, சர்க்கரையால் நரம்பும் இரத்தக் குழாயும் ஓரளவு பழுதுபட்ட ஒருவரின் அனுபவம். காலையில் எழும்போது விறைப்பு இயல்பாக இருந்து, துணையோடு சேரும்போது மட்டும் தடுமாறுகிற இளைஞருக்கு இதில் பாதி பொருந்தாது. அவருக்குப் பெரும்பாலும் உதவுவது மனநல ஆலோசனையாகத்தான் இருக்கும்.

நான் பார்த்த சிறுநீரகவியல் மருத்துவர் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதித் தரவில்லை. ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொன்னார். அதற்கு மொத்தம் 25 மதிப்பெண். 22க்குக் கீழே போனால் குறைபாடு இருப்பதாகக் கணக்கு. அதன் பிறகு மூன்று மாதச் சர்க்கரை சராசரி, கொழுப்பு, காலை வேளையில் பார்க்க வேண்டிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு, ஈ.சி.ஜி., டிரெட்மில் என்று பரிசோதனைகள் நீண்டன. இதற்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். ஆணுறுப்புக்குள் செல்லும் தமனியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், இதயத் தமனிக்கோ மூன்று நான்கு மில்லிமீட்டர், ஆகவே குழாய்ச் சுவர் கெடத் தொடங்கினால் அது முதலில் சிறிய குழாயில்தான் தெரியவரும், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே இந்தக் குறைபாடு தலைகாட்டுவது உண்டு என்று அவர் விளக்கினார். இரத்தக் கொதிப்புக்காக நான் விழுங்கி வந்த அட்டெனலால் என்ற மருந்து விறைப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், இதய மருத்துவரைக் கலந்து அதையும் மாற்றினார்கள். டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. எனவே அந்த ஹார்மோன் ஊசிக்கு என் விஷயத்தில் இடமில்லாமல் போயிற்று. அளவு உண்மையிலேயே குறைந்தவர்களுக்குத்தான் அதனால் பயன்.

முதலில் தொடங்கியது, வயாகரா என்ற பெயரில் அறிமுகமான சில்டெனாஃபில் மாத்திரை. இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்டு, வேறு விளைவு ஒன்று கவனிக்கப்பட்டதால் திசை மாறி, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. பாலுணர்வு தூண்டப்படும்போது ஆணுறுப்பின் நரம்பு முனைகளும் குழாய்ச் சுவர்களும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. அதன் விளைவாக உள்ளிருக்கும் தசை தளர்ந்து இரத்தம் நிரம்புகிறது. அந்தத் தளர்ச்சியைச் சீக்கிரம் முடித்து வைக்கும் பி.டி.இ.5 என்ற நொதியைத் தடுப்பது மட்டுமே மாத்திரையின் வேலை. தூண்டல் இல்லாவிட்டால் மாத்திரை சும்மா இருக்கும். விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

50 மில்லிகிராமில் எனக்குப் பாதிப் பலன்தான். 100 மில்லிகிராமில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வயிறு கனமாக இருந்தால் கணக்கு தவறிவிடுகிறது. பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட இரவில், எண்ணெய் மிகுந்த அந்த உணவு மருந்து உடலில் ஏறுவதைத் தாமதப்படுத்திவிடுவதால், பலன் தெரிவதற்குள் தூக்கம் வந்துவிடும். முகம் காந்துவது, மூக்கடைப்பு, இலேசான தலைவலி ஆகியவை 100 மில்லிகிராம் அளவில் எப்போதும் உடன் வந்தன. சில இரவுகளில் ட்யூப்லைட்டைச் சுற்றி நீலம் பூத்தது போலவும் தெரிந்தது. இது கண்ணிலுள்ள இன்னொரு நொதியையும் மருந்து சற்றே தொடுவதால் வருவது, சில மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. எங்களுக்குப் பொறுக்க முடியாமல் போனது கடிகாரம். ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும், நான்கைந்து மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், அதற்குள் ஊரிலிருந்து தொலைபேசி வராமல் இருக்க வேண்டும்.

அடுத்துப் பார்த்தது அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில். அது 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலில் அது பாதியாகக் குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 20 மில்லிகிராம் மாத்திரையின் பலன் 36 மணி நேரம் வரை நிற்கும், சாப்பாடு அதற்கு ஒரு பொருட்டில்லை. தேவைக்கு விழுங்கும் முறையில் சில மாதங்கள் பார்த்த பிறகு, தினமும் 5 மில்லிகிராம் என்ற முறைக்கு மருத்துவர் மாற்றினார். நான்கைந்து நாட்களில் இரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. உச்ச நேரத்து விறைப்பு 100 மில்லிகிராம் சில்டெனாஃபில் தந்த அளவுக்கு இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் எந்த நாள், எந்த நேரம் என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று. “இப்பத்தாங்க கடிகாரத்தைப் பார்க்காம பேசிக்கிட்டிருக்கோம்” என்று என் மனைவி சொன்னதை எந்தப் பட்டியலிலும் ஏற்ற முடியாது. தொடக்கத்தில் இடுப்பிலும் தொடையிலும் அடித்துப்போட்டது போன்ற வலி இருந்து, இரண்டு வாரத்தில் தணிந்தது. புரோஸ்டேட் வீக்கத்தால் இரவில் பலமுறை எழுந்திருக்க வேண்டியிருந்த தொல்லையும் குறைந்தது. அந்தக் கோளாறுக்கும் இதே 5 மில்லிகிராம் அளவு அங்கீகரிக்கப்பட்ட மருந்துதான்.

மாத்திரை எதுவானாலும் விதிவிலக்கில்லாத ஒரு தடை உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியும். சில்டெனாஃபிலுக்குப் பின் 24 மணி நேரமும், டடாலாஃபிலுக்குப் பின் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் மாமனாரின் சார்பிட்ரேட் பட்டை அலமாரியில் கிடக்கும்; யாருக்கு நெஞ்சு கரித்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டும் நல்ல மனமும் நம்மவர்களுக்கு உண்டு. தினமும் டடாலாஃபில் சாப்பிடுகிறவனுக்கு அந்த 48 மணி நேரம் ஒரு நாளும் முடிவதேயில்லை. எனவே மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய அட்டை ஒன்று என் பணப்பையில் இருக்கிறது, மகனுக்கும் அது தெரியும். கூச்சத்தால் இதை மறைப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. டாம்சுலோசின் போன்ற புரோஸ்டேட் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றக்கூடும்.

சர்க்கரை ஏறிய ஒரு காலகட்டத்தில் மாத்திரை போதாமல் போனபோது பம்பு வாங்கினோம். ஒரு பிளாஸ்டிக் உருளை, காற்றை உறிஞ்சும் கைப்பிடி, உருளையின் வாயில் மாட்டி வைத்து ஆணுறுப்பின் அடிப்பகுதிக்கு நழுவ விடும் ரப்பர் வளையம், இவ்வளவுதான் கருவி. ஜெல்லி போதாவிட்டால் காற்றுக் கசியும். முடியைக் கத்தரிக்காவிட்டால் வளையத்தில் சிக்கி உயிர் போகும். விறைப்பு வந்துவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் வளையத்துக்கு முன்னால் உள்ள பகுதி மட்டுமே விறைத்திருப்பதால் அடியில் ஆட்டம் காணும். தோல் சில்லிட்டு, நீலம் பாரித்துத் தோன்றும். விந்து வெளிவருவதையும் வளையம் தடுக்கும். வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு முறைச் செலவுதான் என்பதும் நைட்ரேட் போன்ற மருந்துகளோடு மோதாது என்பதும் பம்பின் பெரும் பலம்.

ஆணுறுப்பிலேயே போடும் ஊசியின் வரலாறே விசித்திரமானது. 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரகவியல் மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, அதன் பலனை அவையினர் முன்னிலையிலேயே காட்டினார். இன்று பாப்பாவெரின், ஃபென்டோலமைன், அல்ப்ரோஸ்டாடில் ஆகிய மருந்துகளைத் தனித்தோ கலந்தோ தருகிறார்கள். நரம்பு பழுதானவர்களிடமும் பத்து நிமிடத்தில் வேலை செய்யும். நான் பயன்படுத்தியவற்றில் இதுவே வலிமையானது. இன்சுலின் சிரிஞ்ச் பழகிய கைக்கு ஊசி அச்சமூட்டவில்லை. மேற்புறத்தில் நரம்பும் குழாயும், கீழ்ப்புறத்தில் சிறுநீர்த் தாரையும் இருப்பதால் பக்கவாட்டில்தான் போட வேண்டும், இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், பிறகு சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் அளவை மருத்துவர் தன் எதிரிலேயே போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டினால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போயாக வேண்டும்; தாமதித்தால் உள் தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும். இந்த எச்சரிக்கையைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி அந்த இரவுகளில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதனால்தான் அது மூலைக்குப் போயிற்று.

பேருந்து நிலையச் சுவரொட்டிகளும், குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜில் நடக்கும் முகாம்களும் விற்கும் லேகியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அமுக்கராவையோ பூனைக்காலியையோ நான் பழிக்கவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவரின் மேற்பார்வை வேறு விஷயம். ஆனால் லேகியத்தின் உடலே வெல்லமும் தேனும்தான். சர்க்கரையால் வந்த கோளாறுக்கு அதைத் தினமும் இருவேளை உண்பதில் என்ன பொருள்? மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் பொருட்களில் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அளவு தெரியாத அந்தக் கலப்பு, நைட்ரேட் சாப்பிடும் ஒருவருக்கு என்ன செய்யும் என்பதை மேலே எழுதியாயிற்று. ஆணுறுப்பில் ஒலி அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையை நாங்கள் எடுக்கவில்லை. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளதாகவே வைத்திருக்க, இங்கே அதற்குத் தொகுப்புக் கட்டணம் கேட்கிறார்கள்.

நடைப்பயிற்சியைச் சிகிச்சை என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. 2004இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத பருமனான ஆண்கள் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியுமாக இரண்டாண்டு இருந்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தில்லாமலே விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. எனக்கு அப்படி முழுதாகத் திரும்பவில்லை. எடை குறைந்து சர்க்கரை இறங்கிய பிறகு, போதாமல் போயிருந்த அதே 5 மில்லிகிராம் மறுபடியும் போதுமானதாயிற்று. பம்பு இப்போது எப்போதாவதுதான் வெளியே வருகிறது.

மிச்சமிருப்பது ஆணுறுப்புக்குள் கருவி பொருத்தும் உள்வைப்பு அறுவை. வளைத்து நிமிர்த்தும் தண்டு ஒரு வகை. விரைப்பைக்குள் வைக்கும் சிறு பம்பை அமுக்கினால் திரவம் நிரம்பும் வகை இன்னொன்று. பின்னது இயல்புக்கு நெருக்கமானது, விலையும் மிக அதிகம். எதை வைத்தாலும் உள்ளிருக்கும் திசுவை அகற்றியோ ஒதுக்கியோதான் வைக்க வேண்டும் என்பதால், பிறகு மாத்திரைக்குத் திரும்ப வழியில்லை. சர்க்கரை நோயாளிக்குத் தொற்று அபாயமும் கூடுதல். மூன்று மாத சராசரி கட்டுக்குள் இருந்தாலொழிய கத்தியை எடுப்பதில்லை என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். டடாலாஃபில் கைகொடுக்கும்வரை அந்தப் பக்கம் போவதாக இல்லை. இரண்டு மாதிரிகளையும் மருத்துவர் எங்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது, அப்படி ஒரு நாள் வந்தால் வளைக்கும் வகையே போதும் என்று என் மனைவி சொன்னார். பழுதாவதற்கு அதில் வால்வோ குழாயோ கிடையாது என்பது அவர் சொன்ன காரணம்.