பொய் சொல்லலாம், பதில் போடாமல் இருக்கக் கூடாது: மின்னஞ்சலில் டிப்ளமசி

டிப்ளமசி என்ற பலகை விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துரோகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பல வருடமாக மின்னஞ்சலில் ஆடி வருகிற எனக்கு, அந்தத் துரோகம் சீக்கிரமே பழகிப்போனது. இங்கே பொய் சொன்னவனோடு அடுத்த ஆட்டத்திலும் சிரித்துப் பேசி ஆடுவார்கள். கடிதத்துக்குப் பதில் போடாதவனைத்தான் ஒதுக்கி வைப்பார்கள்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: காலம் 1901, இடம் ஐரோப்பா. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி என்று ஏழு பேர். ரஷ்யாவுக்கு நான்கு படை, மற்றவர்களுக்கு மூன்று. வரைபடத்தில் படைகளைத் தாங்கும் முக்கிய இடங்கள், அதாவது சப்ளை சென்டர்கள், 34; அதில் 18-ஐப் பிடித்தால் வெற்றி. பகடையும் கிடையாது, சீட்டும் கிடையாது. எல்லாரும் ரகசியமாக ஆணை எழுதிக் கொடுப்பார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறும். சம பலமுள்ள இரண்டு படைகள் ஒரே இடத்துக்குப் போனால் மோதிக்கொண்டு, இரண்டும் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடும். பக்கத்து நாட்டின் தயவு இல்லாமல் வெகுதூரம் போக முடியாது, அதனால் பேசியே ஆகவேண்டும்.

இதை 1954-ல் உருவாக்கிய ஆலன் கால்ஹாமர், 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் அச்சிட்டு விற்றார். பிற்காலத்தில் இல்லினாய்ஸில் தபால்காரராக வேலை பார்த்தார். பொருத்தமான வேலைதான்; 1963-ல் ஜான் போர்ட்மேன் தபால் வழி ஆட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே இந்த விளையாட்டு கடிதங்களில் வளர்ந்தது. 1980-களின் இறுதியில் கென் லோ எழுதிய 'ஜட்ஜ்' என்ற நிரல் வந்தது. ஆணைகளை மின்னஞ்சலில் வாங்கி, முடிவைக் கணக்கிட்டு, எல்லாருக்கும் அதுவே அனுப்பிவைக்கும். மனித நடுவரை வைத்து ஆடுவதும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். கெடுவைத் தாண்டியவனிடம் என்ன ஏது என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ரஷ்யாவும் துருக்கியும் நல்ல உதாரணம். ரஷ்யாவின் கப்பல் செவஸ்டபோலில், துருக்கியின் கப்பல் அங்காராவில். நடுவே கருங்கடல். முதல் வசந்த காலத்திலேயே அங்கே யார் நுழைகிறார் என்பது இரண்டு பேருக்கும் உயிர்ப் பிரச்சினை. "வணக்கம், கூட்டணி வைத்துக்கொள்வோமா?" என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர் தன் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்குகிறார். "கருங்கடலுக்குள் இருவரும் வரவேண்டாம், நான் செவஸ்டபோல் கப்பலை ருமேனியாவுக்கு அனுப்புகிறேன்" என்றால் அதில் பேச விஷயம் இருக்கிறது. ஆனால் கருங்கடலை நம்பிக்கையின் பேரில் காலியாக விட்டால், ஸ்மிர்னாவில் இருக்கும் துருக்கியின் தரைப்படை ஆர்மீனியாவுக்கும், கப்பல் கருங்கடலுக்கும் வந்து செவஸ்டபோலின் கழுத்தில் கத்தி வைத்துவிடும்.

அனுபவசாலிகள் கேட்பது இன்னொன்று: "இருவருமே கருங்கடலுக்கு ஆணை கொடுப்போம், மோதி நிற்போம்." இரண்டு கப்பலும் அசையாது, கடலும் காலியாக இருக்கும், யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. எனக்கு இப்படி எழுதுகிறவர்கள்மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

விருப்பமில்லை என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். "இந்தமுறை ஆஸ்திரியாவோடு போகலாம் என்று இருக்கிறேன், ஆனாலும் பேசிக்கொண்டிருப்போம்" என்று இரண்டு வரி போதும். அது பொய்யாகக்கூட இருக்கட்டும். மௌனம் காப்பவரை எல்லாரும் எதிரியாகவே கணக்கிடுவார்கள், பெரும்பாலும் முதலில் காலியாகிறவரும் அவர்தான்.

அடுத்து, முதுகில் குத்துவது. குத்துவதற்கு முந்தின நாள் "பேசியபடியே செய்கிறேன்" என்று எழுதுவது ஆட்டத்தின் பகுதி, அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. முடிவு வெளியானபிறகு குத்தியவர் வாயே திறக்காமல் இருந்தால்தான் கோபம் வரும். அன்றே ஒரு கடிதம் போடவேண்டும், கேலி செய்யாமல், நீட்டி முழக்காமல்: "தெற்கே எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களிடம் மீதமிருக்கும் இரண்டு படைகளுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன், கேட்கிறீர்களா?" இதில் மரியாதையும் உண்டு, கணக்கும் உண்டு. நான்கு சென்டர் இழந்தவனிடம் மிச்சமிருக்கும் ஒரே படை, யார் 18-ஐத் தொடுவார் என்பதை முடிவு செய்யும். வீம்புக்கு அதை உங்கள் எதிரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவும் அவனுக்கு உரிமை உண்டு. அழிக்கப்படாமல் தப்பியவர்கள் எல்லாருக்கும் சமநிலையில் பங்கு என்ற விதியோடு ஆடும்போது இந்தக் குட்டி நாடுகளின் மவுசு இன்னும் ஏறும்.

பொய்க்கு எல்லை ஒன்று இருக்கிறது, அதை எந்த விதிப்புத்தகத்தையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் கற்றேன். வரைபடத்துக்குள் எந்தப் பொய்யும் சொல்லலாம். வரைபடத்துக்கு வெளியே கூடாது. கெடுவைத் தள்ளிப்போட உறவினரைச் சாகடிப்பது, நடுவர் பெயரில் போலிக் கடிதம் அனுப்புவது, போன ஆட்டத்தின் பழியை இந்த ஆட்டத்தில் தீர்ப்பது எல்லாம் அதில் சேரும். பிறர் கடிதத்தை மூன்றாமவருக்குத் திருப்பி அனுப்புவது இரண்டுங்கெட்டான். தடை இல்லை, ஆனால் அனுப்புமுன் நாலு வார்த்தை மாற்றிவிடலாம் என்பதால் அதை யாரும் சாட்சியாக ஏற்பதில்லை.

குறைகளும் நிறைய. ஆட்டத்தின் ஒரு வருடத்துக்கு வசந்தம், இலையுதிர் என்று இரண்டு நகர்வு; வாரம் ஒரு நகர்வு என்றால் 1910-ஐத் தொடவே நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் ஆறு பேரோடும் தனித்தனியாகக் கடிதப் போக்குவரத்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சுமைதான். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் வெள்ளி நள்ளிரவுக் கெடு எனக்குச் சனிக்கிழமை காலை பத்தரை. அங்கே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் எனக்கு ஒன்பதரை ஆகிவிடும். கெடுவன்று காலை மின்சாரம் போனாலும் கவலைப்படாமல் இருக்க, புதன்கிழமையே ஒரு தற்காலிக ஆணையை அனுப்பி வைத்துவிடுவேன். ஆணையே வராவிட்டால் அந்த நாட்டின் படைகள் அப்படியே நிற்கும், பக்கத்து நாட்டுக்காரனுக்கு உழைக்காமல் சோறு. தோற்க ஆரம்பித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்களால் கெட்ட ஆட்டங்கள், துரோகத்தால் கெட்ட ஆட்டங்களைவிட மிக அதிகம்.

2022-ல் மெட்டாவின் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு பெயர் மறைத்து 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. அது ஐந்து நிமிடப் பேச்சுவார்த்தை உள்ள வேக ஆட்டம், நம் மின்னஞ்சல் ஆட்டத்தோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும் வேண்டுமென்றே பொய் சொல்லாதபடி வடிவமைக்கப்பட்ட ஒன்று அவ்வளவு தூரம் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ பொய்தான் சொல்கிறார்கள், அதற்கான நேரம் பார்த்து.

புதிதாக வருகிறவர்கள் முதல் ஆட்டத்தில் மாற்று ஆளாகச் சேருங்கள். பாதியில் விட்டுப்போன, இரண்டு சென்டரோடு இழுத்துக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உங்கள் கையில் வரும். யாரும் உங்களிடம் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள், எல்லாரும் உடனே பதில் எழுதுவார்கள், நடுவரோ இரண்டு முறை நன்றி சொல்வார்.