ஆற்றங்கரை ஊருக்கு பைபாஸ்: எந்தத் தடம், யார் பணம்?

ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர்கள் பலவற்றில் நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போவதற்குக் காரணம் பாலம். ஆறு ஒடுங்கி, கரை இறுகி இருக்கும் இடத்தில் முதலில் தோணித்துறை இருந்திருக்கும். அப்புறம் அங்கேயே பாலம் வந்தது, பாலத்தை நோக்கிச் சாலை வந்தது, சாலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஆக, ஆற்றைக் கடக்கத் தோதான இடத்தை ஊர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. பைபாஸ் போட வருகிறவருக்கு மிஞ்சுவது இரண்டாந்தரமான இடம்தான். செலவும் சிக்கலும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

(நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்காமல் கரையோடு நீளவாக்கில் போகும் ஊர் என்றால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு வளைவு போட்டால் போதும், பாலம் வேண்டாம். நான் பேசுவது ஆற்றைக் கடந்தே ஆகவேண்டிய சாலையைப் பற்றி.)

வழக்கமாக மேசைக்கு வருபவை மூன்று: ஊரை ஒட்டியே ஒரு சுற்று, ஊரை விட்டு நன்றாக விலகி ஒரு சுற்று, பைபாஸே வேண்டாம், இருக்கும் சாலையைச் சீர்செய்வோம் என்பது. பணத்துக்கும் அதேபோல மூன்று நான்கு வழிகள் உண்டு. தடத்தை ஒரு கூட்டத்திலும் பணத்தை இன்னொரு கூட்டத்திலும் பேசி முடிப்பதுதான் வழக்கம். என் பார்வையில் இது தப்பு. சில தடங்களுக்குச் சில பணவழிகள் ஒத்தே வராது.

முதலில் எண்ண வேண்டியது

ஊருக்கு இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் குறிக்கிறார்கள். 10.12-க்குக் கிழக்கு முனையில் நுழைந்த லாரி 10.31-க்கு மேற்கு முனையில் வெளியேறினால் அது கடந்துபோகிற வண்டி. கிழக்கில் நுழைந்து மேற்கில் தலைகாட்டாத வண்டிக்கு ஊருக்குள் வேலை இருக்கிறது. இப்போது கேமரா இந்த வேலையைச் செய்துவிடும், கணக்கு மட்டும் அதேதான். இதைச் செய்யாமல் தடம் வரைவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

ஒரு உதாரணத்துக்கு, நாளைக்கு 20,000 வண்டிகள் ஊருக்குள் ஓடுகின்றன, அதில் 6,000 மட்டும் கடந்துபோகிறவை என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நல்ல பைபாஸ் போட்டாலும் 14,000 வண்டிகள் ஊருக்குள்ளேயேதான் இருக்கும். கடைத்தெருவில் நிற்கிறவர் ‘என்னய்யா, ஒன்றும் குறையவில்லையே’ என்று கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. காதுக்கு இன்னும் மோசம்: வண்டிகளின் எண்ணிக்கை சரிபாதியாகக் குறைந்தால்கூடச் சத்தம் 3 டெசிபல்தான் இறங்கும், அது காதுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு.

ஆனால் அந்த 6,000-ல் லாரி எத்தனை என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: ஒரு சக்கர அச்சின் மேல் வரும் சுமை இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. ஊர்ச் சாலையைத் தின்பது கனரக வண்டிகள்தான், கார்கள் அல்ல. சத்தம், புகை, பள்ளிக்கூட வாசலில் வரும் பயம் எல்லாவற்றுக்கும் அவையே பெரிய காரணம். கடந்துபோகிறவற்றில் பெரும்பகுதி லாரி என்றால், மொத்த எண்ணிக்கையில் பைபாஸ் பெரிதாக எதையும் குறைக்காவிட்டாலும் ஊருக்கு நல்லதே. பெரும்பகுதி கார்தான் என்றால் மூன்றாவது வழியை யோசிக்கலாம்.

அந்த மூன்றாவது வழியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். ஒருவழிப்பாதை, சந்திப்புகளைத் திருத்துவது, சாலையோரம் வண்டி நிறுத்துவதை அகற்றுவது, பேருந்து நிலையத்தை முனைக்கு மாற்றுவது, காலையிலும் மாலையிலும் லாரிக்குத் தடை. இதில் எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாது என்பதுதான் இதன் குறை. ஒன்றை மட்டும் இதனால் தர முடியாது: இரண்டாவது பாலம். ஒரே பாலம் இருக்கும் ஊரில் அதைப் பழுதுபார்க்க மூடினால் அக்கரைக்குப் போக வழியில்லை. வண்டிக் கணக்கு எப்படி வந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே புதுப் பாலம் வேண்டும் என்று வாதாடலாம்.

ஒட்டியா, விலகியா

ஒட்டிய தடத்தைக் காகிதத்தில் பார்த்தால் ஆசை வரும். நீளம் குறைவு, நிலம் குறைவு, ஊர்க்காரர்களும் பயன்படுத்தலாம். ஆனால் ஊரின் ஓரத்தில் காலியாகக் கிடக்கும் நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது? பெரும்பாலும் அது வெள்ளம் பரவும் தாழ்நிலம். அதனால்தான் அங்கே யாரும் வீடு கட்டவில்லை. அதன் குறுக்கே மண்மேடு போட்டுச் சாலை அமைத்தால், சாலை அணையாக மாறும். ஆறு பொங்கும்போது மேல்பக்கத்தில் நீர்மட்டம் ஏறும். அதைவிடக் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. ஊர் ஒரு பக்கம் ஆற்றுக்கும் மறுபக்கம் சாலை மேட்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். ஊருக்குள் பெய்த மழை முன்பு வயல்வெளியில் வடிந்தது, இப்போது மேட்டில் முட்டி நிற்கும். சிறுபாலங்கள் வைத்திருப்பார்கள்தான். அவை எத்தனை, எவ்வளவு அகலம், அடைப்பெடுப்பது யார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

பாலம் அடுத்த விஷயம். பழைய துறைகள் பல ஆற்றின் வளைவில், ஆழமான வெளிக்கரையில் அமைந்தவை. அப்படிப்பட்ட ஊரை ஒட்டிப் போனால் அந்த வளைவிலேயே, துறையின் இறுகிய கரைக்கு வெளியேதான் புதுப் பாலம் நிற்க வேண்டும், ஆறு கரையைத் தின்றுகொண்டே இருக்கும் இடம் அது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் 1954-ல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். கோளாறு தூணில் தொடங்கவில்லை. தூணின் அடியில் இருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனதால், தூண் நிற்க இடமில்லாமல் போயிற்று. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. விலகிய தடத்தில் ஆறு நேராக ஓடும் இடத்தைத் தேடி, துளையிட்டு மண் பார்த்து, செங்குத்தாகக் கடக்க முடியும். பாலம் நீளமாகலாம், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

விலகிய தடத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஓட்டுநர் அந்த வழியே போகவேண்டுமே! ஊருக்குள் 5 கி.மீ., பைபாஸில் 9 கி.மீ. என்று கொள்வோம். பகலில் ஊருக்குள் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் 15 நிமிடம். பைபாஸில் 80-ல் போனால் 7 நிமிடத்துக்குள். பேச்சே இல்லை, பைபாஸ்தான். இரவில் ஊர் காலியாகி 40-ல் போகமுடிந்தால் ஊருக்குள் ஏழரை நிமிடம். ஒரு நிமிடம்கூட ஆகாத லாபத்துக்காக 4 கி.மீ. டீசல் எரிக்க எந்த லாரி ஓட்டுநரும் தயாராக இருக்கமாட்டார். ஊர் தூங்கும் நேரத்தில்தான் லாரி ஊருக்குள் வரும். ஆகவே விலகிய தடத்தோடு கனரக வண்டித் தடையும் சேர்ந்தே வரவேண்டும்.

ஒட்டிய தடத்தின் கதை எப்படி முடியும் என்று பார்க்க இங்கிலாந்தின் நியூபெரிக்குப் போகலாம். கென்னட் ஆற்றங்கரை ஊர். ஏ34 நெடுஞ்சாலைக்காக 1960-களில் ஊர் மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிவாரணச் சாலை போட்டார்கள். ஊரும் வண்டிகளும் அதைச் சூழ்ந்துகொண்டன. கடைசியில் பைபாஸுக்கு ஒரு பைபாஸ் தேவைப்பட்டது. மேற்கே விலகி, சுமார் 14 கி.மீ. நீளத்தில் அது 1998-ல் திறக்கப்பட்டது. அதற்குள் 1996-ல் ஆயிரக்கணக்கானோர் போராடினார்கள், சிலர் மரங்களில் ஏறியே குடியிருந்தார்கள், ஏறத்தாழ 10,000 மரங்கள் வெட்டப்பட்டன. தடத்தில் ஓர் அரிய வகைக் குட்டி நத்தை இருந்தது. அதை வாழிடத்து மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அங்கே அது அற்றுப்போயிற்று. விலகிய தடத்தின் விலையை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது. இருந்தும் நான் விலகிய தடத்தின் பக்கமே. மரமும் வயலும் ஒருமுறை போகும் என்றால் அது ஒருமுறையோடு நிற்கட்டும், முப்பது வருடம் கழித்து மறுபடியும் வேண்டாம்.

பணம் தடத்தோடு சண்டை போடும் இடம்

சுங்கம் வசூலித்துச் செலவை எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பெரிய நெடுஞ்சாலைக்கு அது சரி. சின்ன ஊரின் பைபாஸில் மட்டும் சாவடி வைப்பது திட்டத்தையே தோற்கடிக்கும். ஊருக்குள் போகும் பழைய சாலை இலவசம், புதுச் சாலைக்குக் காசு. எந்த லாரியை ஊரிலிருந்து வெளியேற்ற நினைத்தோமோ அதுவே ஊருக்குள் திரும்பி வரும்.

இது வெறும் ஊகம் அல்ல. ஹங்கேரியில் வியன்னா பக்கம் போகும் எம்1 விரைவுச்சாலையின் கடைசிப் பகுதி 1996-ல் தனியார் சுங்கச் சாலையாகத் திறந்தது. வண்டிகள் இலவசமான பழைய சாலைக்கே போயின, வருமானம் கணக்கிட்டதைவிட மிகவும் குறைந்தது, 1999-ல் அரசே எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சுற்றி 2003 டிசம்பரில் திறந்த 43 கி.மீ. எம்6 சுங்கச் சாலையிலும் லாரிகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. அடுத்த ஆண்டே லாரிக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அது பெருநகரக் கதை என்றாலும் ஓட்டுநரின் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

சுங்கம் வேண்டும் என்றால் சாவடியை பைபாஸில் வைக்காமல், ஊருக்கு வெகுமுன்னால், பழைய வழியும் புது வழியும் பிரிவதற்கு முன் வைக்கலாம். எந்த வழி போனாலும் ஒரே கட்டணம். இதில் ஊர்க்காரர்களின் வண்டிக்கு விலக்கு கொடுப்பது எப்படி என்ற தலைவலி வரும், ஆனால் தீர்க்கக்கூடிய தலைவலி.

சாலையோர நிலத்தின் மதிப்பு ஏறும், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வாங்கிச் சாலை போடலாம் என்பது இன்னொரு யோசனை. கேட்க இனிக்கும். ஆனால் மதிப்பு ஏறவேண்டும் என்றால் மனைகளுக்குச் சாலையில் வாசல் திறக்கவேண்டும். வாசல் திறந்தால் கடை வரும், வேகத்தடை வரும், சிக்னல் வரும். நியூபெரியின் பழைய சாலைக்கு வந்த கதிதான். ஒட்டிய தடமும் நிலமதிப்புப் பணமும் சேர்ந்து வந்தால், அது பைபாஸ் என்ற பெயரில் ஒரு புதுக் கடைத்தெரு.

மீதி இருப்பவை கஜானாப் பணமும் தவணை முறையும். கஜானாவிலிருந்து கொடுத்தால் வேலை முடிய முடிய ஒப்பந்தக்காரருக்குக் காசு போய்விடும், சுங்கம் என்ற நெருக்கடி இல்லை, அரசு கடன் வாங்கும் வட்டியும் தனியாரைவிடக் குறைவு. ஆனால் ஒரு வருடம் பட்ஜெட் இறுகினால் வேலை நிற்கும். தவணை முறையில் ஒரு பகுதியைக் கட்டும்போதும் மீதியைப் பல ஆண்டுகளிலும் அரசு கொடுக்கும். இந்தியாவில் 2016-ல் இருந்து நடப்பில் உள்ள கலப்பு முறையில் இது 40-க்கு 60 என்ற விகிதம். வண்டி வருமா வராதா என்ற கவலை கட்டுகிறவருக்கு இல்லை, ஆனால் பராமரிப்பும் அவர் தலையிலேயே இருப்பதால் மட்டமாகக் கட்டினால் அவருக்கே நஷ்டம். ஒரு விதத்தில் இது வேறு பெயரில் வாங்கும் கடன்தான், அதை மறைத்துப் பேசாமல் இருந்தால் போதும். விலகிய தடத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். பாலத்தின் அடிமண்ணை ஆண்டுதோறும் பார்க்க ஒருவர் கட்டுப்பட்டிருப்பார்.

எந்த முறையானாலும் மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ளூபியா குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகச் சாலைகளில் 20 சதவீதம், பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34 சதவீதம் செலவு எகிறியிருந்தது. ஆற்றங்கரை ஊரின் பைபாஸில் பணத்தின் பெரும்பங்கு பாலத்தில்தான் கிடக்கிறது, ஆகவே இரண்டாவது எண்ணை மனதில் வைத்தே கையிருப்பு ஒதுக்கவேண்டும்.

பணம் குறைவு என்றால் கட்டம் கட்டமாகச் செய்யலாம். நிலத்தை நான்கு வழிக்கும் சேர்த்து இப்போதே எடுத்து, சாலையை இரண்டு வழியாகப் போடலாம். ஆனால் பாலத்தைத் தள்ளிப்போட முடியாது. இரு கரையிலும் சாலை பளபளவென்று முடிந்து நடுவில் தூண்கள் மட்டும் நிற்பது எந்தத் தடத்துக்கும் நேரக்கூடிய கதி. எங்கோ 300 மீட்டர் நிலத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கும், மற்றதெல்லாம் முடிந்திருக்கும். பாலத்தையும் அதன் இரு முனை நிலத்தையும் முதலில் முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதுதான் சரியான வரிசை.

கடைசியாக, மதிப்பீட்டில் நான் முதலில் தேடும் வரி ஒன்று உண்டு: பழைய சாலைக்கு எவ்வளவு? பைபாஸ் திறந்ததும் பல இடங்களில் அது ஊராட்சியின் அல்லது நகராட்சியின் கைக்கு வரும், பராமரிப்புச் செலவும் கூடவே வரும். அகலமான அந்தச் சாலையை அப்படியே விட்டால் புது வண்டிகள் வந்து நிரப்பும். இடம் கூடினால் வண்டியும் கூடும் என்பதை பிரிட்டன் அரசின் சாக்ட்ரா ஆலோசனைக் குழு 1994-லேயே ஒப்புக்கொண்டது. நடைபாதையை அகலமாக்கி, வண்டிப் பாதையைக் குறுக்கி, பழைய பாலத்தில் லாரி நுழையாதபடி கம்பி போட ஆகும் செலவு, புதுப் பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இருந்தும் நான் பார்த்த வரைபடங்களில் பழைய சாலை ஊர் எல்லையில் மங்கலான ஒரு கோடாகத்தான் இருக்கும், அதற்குப் பக்கத்தில் தொகை எதுவும் எழுதியிருக்காது.