கல்லடி பீச் ரோட்டு விசில் கிளாஸ்: மூணு மாசம் காசு கட்டி நடந்தவன் எழுதுறன்

முதல் நாள் புழுகத்தில எழுதுற ரிவியூ இல்ல இது, மூணு மாசம் மாசத்துக்கு 1500 ரூவா கட்டி நடந்து போட்டுத்தான் எழுதுறன்.

விசயம் இதுதான். காலையில அஞ்சரைக்கு மட்டக்களப்பு கல்லடி பீச் ரோட்டுல பென்சன் எடுத்த ஒரு பி.டி. டீச்சர் விசில் ஊதி சனத்த நடக்க வைக்கிறா. போர்ட் இல்ல, பேர் இல்ல, மிசின் இல்ல, கூரை கூட இல்ல. கேள்விப்பட்டவுடன நான் சிரிச்சன், கவர்மெண்ட் ரோட்டுல நடக்கிறதுக்கு எவன் காசு குடுப்பான் எண்டு. நான் போட்டோ கொப்பி கடை வச்சிருக்கிறவன், எங்கட தெருவில மட்டும் நாலு போட்டோ கொப்பி கடை இருக்கு, ஒருத்தன் லெமினேட்டிங் போட்டா அடுத்த கிழமை மத்த மூணு பேரும் போடுவான், அதால இவ எதைத்தான் விக்கிறா எண்டு பாக்கத்தான் முதல் போனது, வயித்த குறைக்க இல்ல.

அதுக்கு முதல் ஒரு ஜிம்முக்கு போய் பட்டது வேற கதை. 47 வயசுக்காரன கொண்டு போய் மூணாம் நாளே ட்ரெட்மில்லில ஓட விட்டானுகள், முழங்கால் வீங்கி ரெண்டு கிழமை கடைக் கதிரையிலயே கிடந்தன். சுத்திவர நிண்டவன் எல்லாம் இருபது வயசுப் பொடியன்மார், கண்ணாடிக்கு முன்னால புஜத்த பாக்கிறதுதான் வேலை.

இஞ்ச அப்பிடி இல்ல. முதல் அஞ்சு நிமிசம் சும்மா நடை. மறுகா ஒரு விசில், மூணு நிமிசம் வேகமா. ரெண்டு விசில், மூணு நிமிசம் மெதுவா. இப்பிடி அஞ்சு தரம், முதல் நடையோட மொத்தம் முப்பத்தஞ்சு நிமிசம், கிழமையில நாலு நாள். இது டீச்சர்ட கண்டுபிடிப்பு இல்ல, அவவே முதல் நாள் சொல்லிருவா. ஜப்பான்ல மட்சுமோட்டோ ஊர்ல, ஷின்ஷூ பல்கலைக்கழகத்து ஆக்கள் நடுவயசு, வயசு போன சனத்த அஞ்சு மாசம் இப்பிடி நடக்க வச்சு 2007ல எழுதினது. ஒரே வேகத்தில நடந்தவங்கள விட இவங்களுக்கு தொடைப் பெலனும் மூச்சுத் தாங்குற சக்தியும் கூடி, பிரஷரும் கூட இறங்கியிருக்கு.

வேகம் எண்டா எவ்வளவு வேகம்? ரெண்டு மூணு சொல்லு சொல்லலாம், கதை பேச ஏலாது, அதுதான் அளவு. 220ல வயச கழிச்சு நாடி எவ்வளவு வரைக்கும் ஏறலாம் எண்டு பாக்கிற கணக்க நான் போன்ல போட்டுக் காட்ட, அத மடிச்சு வை எண்டுட்டா. அது அண்ணளவுக் கணக்கு, அதோட பிரஷருக்கு அடெனோலோல், பிசோப்ரோலோல் மாதிரி குளிசை போடுறவங்களுக்கு எவ்வளவு வேகமா நடந்தாலும் நாடி அப்பிடி ஏறாது, நாடி காட்டுற மணிக்கூட்ட நம்பி நெருக்கினா விழுந்து போவாங்களாம். அதால கிளினிக் கொப்பி காட்டாம ஆளையே சேக்க மாட்டா. சீனிக்கு குளிசை, ஊசி போடுறவங்க பொக்கெட்டில டொஃபி இருக்கோணும். ஒருக்கா டொஃபி இல்லாம வந்த அண்ணர ஓட்டோ புடிச்சு வீட்ட அனுப்பிட்டா, அவர் மூணு நாள் கோவத்தில வரல்ல.

ஆனா எனக்கு வேலை செஞ்சது அந்த வேகம் இல்ல, மெதுவான மூணு நிமிசம்தான். தனிய நடந்த காலத்தில ஒண்டில் கூட்டாளியோட அரசியல் கதைச்சு கதைச்சு ஆமை நடை, இல்லாட்டி வெறி வந்து ஓடி ரெண்டாம் நாள் எழும்ப ஏலாம படுக்கை. இஞ்ச ரெண்டு விசில் அடிச்சும் வேகத்த குறைக்காட்டி டீச்சர் பேசுவா. "மெல்லமா போங்க கா, உங்கள ஒருத்தரும் துரத்தல்ல" எண்டு பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவ போட்ட சத்தம் கடல் வரைக்கும் கேட்டிருக்கும். மெதுவா போனாத்தான் அடுத்த மூணு நிமிசம் உண்மையான வேகம் வரும். காசு குடுக்கிறதே இந்த அடக்குறதுக்குத்தான் எண்டு எனக்கு விளங்க ஒரு மாசம் ஆச்சு.

சின்னப் பிள்ளையளுக்கு சனி பின்னேரம். விசிலும் இல்ல ஒண்டும் இல்ல, மணல்ல கோடு கீறி கிளித்தட்டு. பாயுறது, நிக்கிறது, பதுங்குறது, மறுகா பாயுறது, யோசிச்சுப் பாத்தா அதுவும் விட்டு விட்டு ஓடுறதுதானே. என்ட மகள் டியூஷனுக்கு எழும்ப அழுறவ, இதுக்கு நாலு மணிக்கே செருப்ப போட்டுட்டு வாசல்ல நிப்பா. பெரிய பொடியன்மாருக்கு கடைசியில நாலு நிமிசம் மட்டும் டபாட்டா, 20 செக்கன் முழு வேகம், 10 செக்கன் ஓய்வு, எட்டுத் தரம். ஜப்பான் ஸ்கேட்டிங் வீரர்மாருக்கு செஞ்சத வச்சு 1996ல வந்த ஆராய்ச்சி அது. டபாட்டா எண்டு சொல்லி 40 நிமிசம் துள்ள வைக்கிற வீடியோ பாத்தா அது டபாட்டா இல்ல, வேற என்னமோ.

இப்ப யாவாரக் கதைக்கு வாறன். காலையில எட்டரைக்கு, பிள்ளையள் ஸ்கூலுக்கு போன பிறகு, டீச்சர்ட வீட்டு வளவுக்குள்ள பொம்பிளையளுக்கு மட்டும் ஒரு கிளாஸ். காத்தான்குடி முஸ்லிம் ராத்தாமார் ஓட்டோவில வாறாங்க, என்ட மனிசியும் அதுக்குத்தான் போறா. உயர்ந்த மதில், ஆம்பிளை ஒருத்தரும் இல்ல, வளவைச் சுத்திச் சுத்தி நடை. டவுன்ல ஜிம் திறந்தவன் ஒருத்தனுக்கும் இந்தச் சனம் கண்ணில படல்ல பாருங்க. பிரஷர்க்காரன், முழங்கால் நோவுக்காரி, பென்சன்காரர், ரோட்டுல நடக்க கூச்சப்படுற பொம்பிளையள், இவங்களுக்கு ஒருத்தனும் கடை போடல்ல. டீச்சர் போட்டா, முதலுக்கு ஒரு விசில். நாலாவது போட்டோ கொப்பி மிசின் வாங்க பேங்க்ல லோன் எடுத்தவன் நான், எரியுமா எரியாதா?

குறை இல்லாம இல்ல. கார்த்திகை, மார்கழி மழையில பாதி நாள் கிளாஸ் இல்ல, காசு மட்டும் முழுசா. கேட்டா தை மாசம் கூட நாலு நாள் தாறன் எண்டா, தந்தா, ஆனா எனக்கு அந்த நாள் வசதிப்படல்ல. வாட்ஸ்அப் குரூப்ல காலை வணக்கம் படம் மட்டும் நாளைக்கு முப்பது. டொய்லெட் இல்ல, வயசு போன ஆக்களுக்கு அது பெரிய கஷ்டம். ஆரம்பத்தில மணல்லதான் நடக்க வச்சா, கரை சரிவா இருக்கிறதால ஒரு பக்கக் கணுக்கால் எனக்கு நொந்திச்சு, சொன்ன பிறகுதான் ரோட்டுக்கு மாத்தினா.

கிளாஸ் முடிய டீச்சர்ட மனுசன் ஃபிளாஸ்க்ல வல்லாரைக் கஞ்சி கொண்டு வருவார், கப் 100 ரூவா, அது தனி யாவாரம். நடக்காம கஞ்சிக்கு மட்டும் வாறவனும் இருக்கான்.

எனக்கு என்ன மாறினது எண்டு கேட்டா, வயிறு பெருசா குறையல்ல. முந்தி கச்சேரி ஒபிஸ்ல மாடிப்படி ஏறினா நடுவில நிண்டு போன் பாக்கிற மாதிரி நடிப்பன், இப்ப நேர ஏறுறன். வெறு வயித்தில சீனி 142 இருந்தது 126, ஆனா தேத்தண்ணிக்கு சீனி போடுறதயும் நிப்பாட்டினன், அதால முழுப் பெருமையும் விசிலுக்கு குடுக்க ஏலாது.

போறவங்க நல்ல சப்பாத்து, கிளினிக் கொப்பி, தண்ணிப் போத்தல் கொண்டு போங்க. முதல் நாள் காசில்ல. பழைய பாலத்துப் பக்கம் இருந்து வாறவங்க கையில பிஸ்கட் வச்சிருங்க, அந்த மூலையில ரெண்டு நாய் இருக்கு, அதுகளுக்கு விசில் சத்தம் கண்ணிலயும் காட்ட ஏலாது.