கும்பகோணத்தில் ஒரு குழந்தை வளர்ச்சி மருத்துவமனை: அவசரப்படாத பரிசோதனை

நான்காம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எதையும் பாதியிலேயே விட்டுவிடுகிறான் என்று பள்ளியில் சொன்னதால் கும்பகோணத்தில் உள்ள இந்தத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதற்கு முன் தஞ்சாவூரில் வேறொரு மையத்தில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுக்கச் சொல்லி, அன்றைக்கே ‘ஏ.டி.எச்.டி.’ (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலிப்பு இருக்குமோ என்ற ஐயம் வந்தால் இ.இ.ஜி. தேவைப்படலாம்; கவனக்குறைவுக் கோளாறை உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது.

கும்பகோணத்து மருத்துவர் எங்களிடம் ஒரு வினாத்தாளும் வகுப்பாசிரியருக்குத் தனியாக ஒன்றும் கொடுத்து, இரண்டும் வந்த பிறகே எதையும் சொல்ல முடியும் என்றார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட்டு, பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதித்திருக்க வேண்டும் என்பது மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு வகுத்த அளவுகோல். ஆசிரியரைக் கேட்காமல் அதை எப்படி முடிவு செய்வது? மருத்துவரின் அறையில் மகன் சமர்த்தாகவே உட்கார்ந்திருந்தான். புது இடத்தில் பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள், அதை வைத்துக் கோளாறு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது என்று அவரே விளக்கினார். காது, கண், ரத்தசோகை, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்ததோடு, வகுப்பிலேயே இவன்தான் வயதில் இளையவனா என்றும் விசாரித்தார். வகுப்பின் கடைக்குட்டிகளுக்கு இந்த முத்திரை அதிகம் விழுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பதாகப் பிறகு படித்தறிந்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது ஆசிரியரின் தாளில்தான். மனக்கணக்கில் முந்திக்கொண்டு விடை சொல்கிறான், வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான் என்று அவர் ஓரத்தில் எழுதியிருந்தார். அதன்பின் வாசிப்புத் திறனைச் சோதித்ததில், இவனுக்கு இருப்பது கற்றல் குறைபாடு என்று தெரிந்தது. கற்றல் குறைபாடும் கவனக்குறைவுக் கோளாறும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால் ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

குறைகளும் உண்டு. உளவியலாளர் சோதனை நடத்தும் அறை தெருவைப் பார்த்து இருக்கிறது. பேருந்து ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் மகன் தலையைத் திருப்பினான். கவனத்தை அளக்கும் இடமா இது என்று கேட்டேன், அறை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். சோதனைக்குத் தனிக் கட்டணம் என்பதையும் முன்கூட்டியே சொல்வதில்லை. செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை நாடலாம். அங்கே 18 வயது வரை கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.