கௌதம்புரம் போட்டோ கடை: குஸ்காவுக்கு நாலரை நட்சத்திரம், சுவருக்கு மூணு

வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பெங்களூரில் அல்சூரை அடுத்த கௌதம்புரத்தில், அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிற இடத்தில் நின்று "போட்டோ கடை எங்கப்பா?" என்று கேளுங்கள். பந்து உதைத்துக்கொண்டிருக்கிற பையன்களே சந்து எது என்று காட்டிவிடுவார்கள். ஆறு பெஞ்சு, அகலமான ஒரு தவா, மூலையில் டீ பாய்லர். குஸ்கா, போட்டி (ஆட்டுக்குடல்) வறுவல், கபாப், பரோட்டா, டீ, இவ்வளவுதான் கிடைக்கும். சைவம் கேட்பவர்களுக்கு பரோட்டாவும் வெங்காயமும் உண்டு. ஆனால் குருமாவில் எலும்பு வெந்திருக்கும், சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். குஸ்கா 80 ரூபாய். சீரக சம்பா, கறி வெந்த தண்ணியிலேயே வேகவைத்தது. புதினா தூக்கலாக இருக்கும், நெய் நாற்றம் கிடையாது. ஏழரை மணிக்கு மேல் போனால் அண்டாவின் அடிதான் கிடைக்கும். எனக்கு அந்த அடிதான் பிடிக்கும், என் தங்கைக்குப் பிடிக்காது. கபாப் பரவாயில்லை. சிவப்பு கலர் கையில் ஒட்டுகிறது, அதைக் குறைக்கலாம்.

போட்டி வறுவலுக்காகத்தான் இந்தக் கடைக்கு மக்கள் வருகிறார்கள். கடைக்காரர் வீட்டு அக்கா காலையிலேயே அதைச் சுடுதண்ணியில் போட்டு, சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் தேய்த்து, மறுபடி கழுவி, குக்கரில் வேகவைத்துவிடுவார். சாயங்காலம் தவாவில் விழும்போது அதில் வாடையே இருக்காது. துண்டுகளின் ஓரம் சுருண்டு கருக ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மிளகுத்தூளைப் போடுகிறார், சரசரவென்று ஒரு பிடி கறிவேப்பிலை, கரண்டியின் பின்பக்கத்தால் ரெண்டு தட்டு. 120 ரூபாய்க்குக் கொடுக்கிற அளவு ரெண்டு பேருக்குத் தாராளம். போட்டியைச் சுத்தம் செய்யத் தெரியாத கடைகளில் சாப்பிட்டுவிட்டு அதையே வெறுத்தவர்கள் இங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி சுவர்.

தவாவுக்கு எதிர்ச் சுவரில் பதினோரு ஆணி. பத்தில் கண்ணாடி போட்ட படங்கள், ஒன்று காலி. எல்லாம் இந்த ஊரில் கால்பந்து ஆடி நாட்டுக்கு ஆடப் போனவர்கள். அகமது கான், தன்ராஜ், ராமன், பஷீர், கெம்பையா, அருமைநாயகம், பாபு மணி, கார்ல்டன் சாப்மன் என்று போகிறது வரிசை. இவர்களுக்கு மேலே மாலை போட்ட பெலே, ஆனால் அவர் கணக்கில் இல்லை. "அது சாமி படம்மா" என்கிறார் கடைக்காரர். அவரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம், பேரன் எடுத்தவரைக்கூட.

படம் ஏற அவர் வைத்திருக்கிற சட்டம் மூன்று: இங்கே ஆடி வளர்ந்திருக்கணும், இந்தியச் சட்டை போட்டிருக்கணும், ஆட்டத்தை முடித்திருக்கணும். பதினோராவது ஆணி யாருக்கு என்பதுதான் தினமும் நடக்கிற சண்டை. நீங்கள் குஸ்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் உங்களையும் இழுத்துவிடுவார்கள். தனியாக அமைதியாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்குச் சரிப்படும். அப்பா ஐடிஐ டெலிபோன் தொழிற்சாலை வேலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்களை மைதானத்துக்குத்தான் கூட்டிப்போவார். இந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

பெரும்பாலானவர்கள் சொல்கிற பெயர் சுனில் சேத்ரி. பெங்களூரு எஃப்சி கிளப் 2013ல் ஆரம்பித்த நாளிலிருந்து இங்கே. வந்த முதல் சீசனிலேயே தேசிய லீக்கான ஐ-லீக் பட்டம், 2016ல் ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கப் இறுதி ஆட்டம், 2018-19ல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை. அண்ணா ஒத்துக்கொள்ளமாட்டார். "சேத்ரி வந்து ஆடினவரு. வளந்தது இங்க இல்ல. வந்தவங்கள எல்லாம் மாட்டணும்னா செவரு பத்தாது." பக்கத்து பெஞ்சில் ஒரு ஆட்டோக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நம்ம தாத்தாங்க எங்கேந்து வந்தாங்களாம்? ஆர்க்காட்டுலேந்து மூட்டை கட்டிகினு வந்தவங்கதான?" அதற்கு அண்ணாவிடம் பதில் இல்லை. பரோட்டாவைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

ராத்திரி ஷிப்டில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். அவர்கள் ஊர் ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டுகிற ஆட்டத்தை, வேலை நேரத்திலேயே பார்த்துவிடுகிற ஆள். ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் 1963லிருந்து அந்த ஆட்டத்துக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறதாம். தேர்ந்தெடுத்தவர்களுக்கு வெண்கலத்தில் தலைச்சிலை செய்து வைப்பார்கள். ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆகாத ஆட்டக்காரரின் பெயரையே எடுக்கமாட்டார்கள். தேர்வுக் குழுவில் 80 சதவீதம் பேர் சரி என்றால்தான் உள்ளே. "நம்ம செவருக்கும் அந்த அஞ்சு வருஷம் வெச்சா சண்டையே இல்லண்ணா" என்றான்.

வைத்துப் பார்த்தோம். சேத்ரி 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடிவிட்டு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார், 94 கோல். ஊரே அழுதது, நானும்தான். 2025 மார்ச்சில் திரும்பி வந்து ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக இன்னொரு கோல் போட்டார். ஐந்து வருடக் கணக்கை எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிப்பது? ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. அதனால்தான் அந்த ஐந்து வருடச் சட்டம் நல்ல சட்டம் என்று நினைக்கிறேன். அழுகை அடங்கின பிறகு யோசிக்கலாம், யாரும் ஓடிப்போய்விடப் போவதில்லை.

ஒழுக்கம் பற்றிய சண்டை இதைவிடச் சூடாக நடக்கும். "குடிச்சுக் கெட்டவன் படத்தைப் பார்த்துகினு புள்ளைங்க சாப்பிடணுமா" என்று ஒரு பெரியவர் எப்போதும் ஆரம்பிப்பார், யாரைச் சொல்கிறார் என்று சொல்லாமலே. கேன்டனில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்களாம்: களத்தில் செய்ததை மட்டும் பார்க்கணும். ஓ.ஜே. சிம்சனை 1985ல் சேர்த்தார்கள். கொலை வழக்கு, விடுதலை, பிறகு கொள்ளை வழக்கில் ஜெயில், எல்லாம் அதற்கப்புறம். சிலை அங்கேயேதான் இருக்கிறது. அப்படிச் சட்டம் எழுதி வைத்திருப்பவர்களே டெரல் ஓவன்ஸ் என்கிற ஆட்டக்காரரை ரெண்டு வருடம் காக்க வைத்து மூன்றாவது வருடம்தான் எடுத்தார்கள். கூட ஆடுகிறவர்களோடு ஒத்துப்போகாதவர் என்ற பேச்சுதான் காரணம் என்கிறான் தம்பி. 2018ல் அவர் கேன்டன் விழாவுக்கே போகாமல் தான் படித்த சட்டனூகா பல்கலைக்கழகத்தில் தனியாக விழா நடத்திக்கொண்டாராம். அண்ணாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது அந்தப் பெரியவர் வாயைத் திறந்தாலே "ஓவன்ஸ், ஓவன்ஸ்" என்று அடக்கிவிடுகிறார். இந்த விஷயத்தில் நான் அண்ணா பக்கம். படம் ஆட்டத்துக்கு. குணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க டீக்கடை எதற்கு?

ஆனால் என் கட்சி வேறு. சுவரில் இருக்கிற பத்துப் பேரையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கோல் போடுகிறவர்கள், ஓரத்தில் ஓடுகிறவர்கள், நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுக்கிறவர்கள், தடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோல்கீப்பர் எங்கே? பதினோரு ஆணி அடித்தவருக்கு இது தோன்றவேண்டாமா? இந்த அணியை அப்படியே மைதானத்தில் இறக்கினால் போஸ்ட் காலி.

1948 லண்டன் ஒலிம்பிக் கதையை இந்தக் கடையில் ஆளாளுக்குச் சொல்வார்கள். ஜூலை 31, இல்ஃபோர்டில் பிரான்சோடு ஆட்டம். நம் ஆட்கள் பாதிக்கு மேல் வெறுங்கால். கிடைத்த ரெண்டு பெனால்டியும் வீண், ஒன்று சைலன் மன்னா, இன்னொன்று மகாவீர் பிரசாத். ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது எழுபதாவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல், பெங்களூரும் சேர்ந்திருந்த அன்றைய மைசூர் மாநிலத்து ஆட்டக்காரரின் காலிலிருந்து. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1. ராமன் படம் நடு வரிசையில் இருக்கிறது, முதல் வரிசைக்குப் போகவேண்டும், அது தனிப் பஞ்சாயத்து. அன்றைக்குப் போஸ்டில் நின்றவர் யார்? வரதராஜ். அவரும் மைசூர்தான். பிரான்சை எண்பது நிமிடத்துக்கு மேல் ஒரே கோலில் நிறுத்திய அணியின் கோல்கீப்பர். நாலு வருடம் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் நாம் வாங்கியது 10. அங்கே நமக்குக் கிடைத்த ஒரே கோல் அகமது கானுடையது, அதையும் இங்கே எல்லாரும் சொல்வார்கள். கோல் போட்டவர் பெயர் பேரன் வரைக்கும் வரும், தடுத்தவர் பெயர் அன்றைக்கே போய்விடும்.

அமெரிக்காவிலும் இதே வியாதிதான் போலிருக்கிறது. பந்தைத் தொடாமல் எதிராளியைத் தள்ளி வழி விடுகிற இடத்தில் ஆடிய ஜெரி கிரேமர் 1968ல் ஆட்டத்தை விட்டவர். அவரைக் கேன்டனில் சேர்த்தது 2018ல்.

இதை நான் சொன்னபோது தவாச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணா, "போட்டோ கொண்டாம்மா, மாட்டறேன்" என்றார். அங்கேதான் சிக்கல். கிடைப்பதெல்லாம் குழுப்படம், அதில் முகம் கடுகளவு. பெரிதாக்கினால் சாம்பல் கலரில் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது. அப்படியே மாட்டுங்கள் என்றேன், பெயரை மட்டும் பெரிதாக எழுதலாம். அண்ணாவுக்கு மனசில்லை. "மொகம் தெரியாத படத்த எவன் பாப்பான்?" என்கிறார். தெரிகிற முகங்களின் கதி என்ன என்று அடுத்த பத்தியில் சொல்கிறேன்.

சுவருக்கு நான் மூன்று நட்சத்திரம்தான் கொடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. தவாப் புகை கண்ணாடிகளில் எண்ணெயாகப் படிந்து, கீழ் வரிசைப் படங்கள் மஞ்சளாகிவிட்டன. டியூப்லைட் சரியாக அகமது கான் நெற்றியில் பளபளக்கிறது, சாய்ந்து நின்றால்தான் முகம் தெரியும். கீழே எழுதியிருப்பதும் அரைகுறை. அகமது கானுக்கு "ஒலிம்பிக் 1948" மட்டும்; 1952ம் இல்லை, 1951 டெல்லி ஆசிய விளையாட்டுத் தங்கமும் இல்லை, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் பஞ்ச பாண்டவர்கள் என்று பேரெடுத்த ஐந்து பேரில் ஒருவர் என்பதும் இல்லை. அதே ஐவரில் தன்ராஜும் ஒருவர், அவருக்குக் கீழே பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. சாப்மனுக்கு மட்டும் 1993ல் ஈராக்கின் அல் ஜவ்ரா அணிக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்குப் போட்ட மூன்று கோலையும் எழுதி, பூ வரைந்து வைத்திருக்கிறார்கள். 2020ல் அவர் இறந்துபோனபோது எழுதியது. நியாயம்தான், ஆனால் மற்ற ஒன்பது பேருக்கும் ஒரு வரி எழுத ஒரு மார்க்கர் பேனா போதும்.

பெண்கள் ஒருவர்கூட இல்லை. ஆண்கள் அணி ஆசியக் கோப்பையில் ரெண்டாவதாக வந்தது ஒரே முறை, 1964ல். பெண்கள் அணி கோழிக்கோட்டிலும், பிறகு 1983ல் பாங்காக்கிலும், ஆக ரெண்டு முறை. சொன்னால், "இது பதினோரு ஆணிம்மா, வேற செவரு பாக்கலாம்" என்கிறார். வலது பக்கச் சுவரில் செல்போன் சார்ஜர் விளம்பரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணா, ஆணி நானே வாங்கித் தருகிறேன்.

மற்றபடி சேவை: குடிக்கத் தண்ணீர் கேன் இருக்கிறது, டம்ளர் கழுவுவது அவசரக் கழுவல், பாட்டில் எடுத்துப்போங்கள். கை கழுவுகிற இடம் வெளியே, விளக்கில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் விவாதத்தில் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டார்கள், தட்டோடு நிற்பவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். "கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்று சத்தமாகச் சொன்னால் நகர்வார்கள். பெண்கள் தனியாகப் போகலாம், நான் போகிறேன், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

கார் வேண்டாம், சந்தில் திருப்ப முடியாது. அல்சூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். பணம் செல்போனிலேயே கொடுக்கலாம். திங்கட்கிழமை கடை இல்லை. ஞாயிறு போட்டி வறுவல் ஆறரைக்கே தீர்ந்துவிடும், பார்சல் வாங்குவதானால் வெங்காயத்தைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குஸ்காவுக்குள் போட்டுவிடுவார். வரதராஜின் தெளிவான படம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் கடையில் நேரே கொடுங்கள். அன்றைக்கு உங்கள் போட்டிக்கு நான் பணம் கொடுக்கிறேன்.